சிவயோ மூன்று புள்ளி

வின்டர்தூரில், ரயில் பாதைக்குப் பின்புறம்,
நாலாம் மாடியில் ஏழு பேர் வேலை செய்கிறோம்.
ஒரு கட்டடத்துப் பதினாறு குடும்பமும்
நிலவறையில் உள்ள ஒற்றைச் சலவை மெசினுக்குச்
சண்டை பிடிக்காமல் நேரம் ஒதுக்க ஒரு மென்பொருள்.
சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.
இந்த நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
உடுப்புத் தோய்த்துப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

அதை ஓட்டிக் காட்ட ஒரு வீடியோ வேணும்,
மூன்று நிமிசம், வெள்ளிக்கு முன், என்றான் ரேத்தோ.
திரையைப் பதிவுசெய்ய எது நல்லம் என்று
நீயே பார்த்து எடு.
காசில்லாததென்றால் இன்னும் நல்லம்.

முதலாவது காசில்லாதது.
கோயில் டியூப்லைட்டில் உபயகாரர் எழுதுவதுபோல்
படத்தின் நட்டநடுவில் தன் பெயரை எழுதியது.
வெளிச்சம் பாதி, உபயம் பாதி.

இரண்டாவதைத் தொடங்கியதும்
மடிக்கணினி விமானம்போல் இரைந்தது.
நான் அழுத்தி அரை நொடி கழித்து
அதுவும் யோசித்துவிட்டு அழுத்தியது.
எழுத்தெல்லாம் மழைபட்ட கண்ணாடி.

மூன்றாவது முழுத்திரையையும் எடுப்பேன் என்று அடம்.
ஒன்பதாம் தடவை, ஒரு பிழையும் இல்லாமல்
செவ்வாய்க்கிழமையைத் திறந்துகொண்டிருக்கையில்
மூலையில் எட்டிப் பார்த்தது அண்ணன் செய்தி:
"லோன் கட்டியாச்சோ? பதில் போடு."
அந்த ஒரு நொடியை வெட்ட
அதில் கத்தரி இல்லை.
கத்தரிக்குத் தனிக் காசு.

போதாததற்குத் தேவாலய மணி.
கால் மணிக்கொரு தரம் மைக்குக்குள் புகுந்து
நான் சொல்வதை ஆமோதிக்கும்.

நாலாவதுக்கு முப்பத்தொன்பது பிராங்.
பதினாலு நாள் சும்மா பாவிக்கலாம்.
காட்டச் சொன்ன ஜன்னலை மட்டும் காட்டியது,
அயலட்டையை எட்டிப் பார்க்கவில்லை.
சுட்டி போகும் இடத்துக்குக் கிட்டப் போய்ப்
பெரிதாக்கிப் பிடித்தது.

பிடித்தது எதை?
மாதிரிக் குடியிருப்பாளர் என்று நான் போட்ட பெயர்கள்:
கெல்லர், ஃபிரை, பாமன்.
காற்சட்டைப் பையில் அடங்கும் பெயர்கள்.
வியாழன் பின்னேரம் ஏழு மணிக்கு மட்டும்
சிவயோகநாயகி பரராசசிங்கம்.
அது நான்தான், கடவுச்சீட்டில் உள்ளபடி.
வேலையில் யோகி.

மற்ற மூன்றிலும் அது ஒரு அழுக்கு.
இதில், எல்லாரும் பார்த்திருக்க,
கட்டத்துக்குள் துல்லியமாய்:
சிவயோ
அதன் பின் மூன்று புள்ளி.

பெயரை மாத்து, மாயர் என்று போடு,
வீடியோதானே, என்றான் ரேத்தோ.
கெட்ட மனுசன் இல்லை. அவனுக்கு வெள்ளிக்கிழமை.

டொஸ் பக்கம் நாங்கள் விற்ற கட்டடத்தில்
மாயர் எத்தனை பேர் என்று கேட்டேன்.
அவன் பட்டியலைத் திறந்தான்.
கீழே உருட்டினான்.
பிறகும் உருட்டினான்.
ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர்
மூன்று புள்ளியோடு நின்றார்கள்.
ஒரு போர்த்துக்கீசப் பெயர் ஹைஃபனிலேயே முறிந்திருந்தது.

கட்டத்தைப் பன்னிரண்டு பிக்சல் அகட்டினான்.
காணாது.
இன்னும் எட்டு. காணாது.
அகட்டுவதை விட்டுவிட்டு,
பெயரை இரண்டு வரியாய் மடியவிட்டான்,
காய்ந்த சேலையை மடிப்பதுபோல்.
அடங்கியது.

முப்பத்தொன்பது பிராங்குக்கான படிவத்தில்
"காரணம்" என்றொரு கோடு.
தெளிவு, என்று எழுதினேன்.
உர்சினா கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வியாழன், மணி அடித்து ஓயும்வரை இருந்துவிட்டு
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
இந்த மென்பொருள் தரும் மூன்று நொடி:
மூன்று, இரண்டு, ஒன்று.
தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி,
கிரூயெட்ஸி என்று தொடங்க வேண்டிய இடத்தில்
வணக்கம் என்று வாய் போய்விட்டது.

அழித்துவிட்டு மறுபடி.
மூன்று.