கலங்கல்

பூச்சியம் தசம் பூச்சியம் நான்கு.
இரவு முழுக்க ஆட்டுபொறியில் ஆடிய குழாய்.
மேலே பிளேன்டீத் தெளிவு,
அடியில் திரைந்த பாலாய்க் கட்டிகள்.

இந்த அறையில் தெளிவு கெட்ட செய்தி.
கலங்கினால்தான் கலங்கள் பெருகின என்று அர்த்தம்.
ஒளியை மறிக்க அவை பரந்து நிற்கவேண்டும்
பரீட்சை மண்டபத்துப் பிள்ளைகள் மாதிரி.
இவை கூடிவிட்டன.
ஒளி பக்கத்தால் போய்விட்டது.

"ஊத்தை விழுந்திருக்கும், புதுசாப் போடுங்க"
என்றார் மசாஹிர் நானா,
ஏறாவூர் பஸ்ஸைத் தவறவிட்ட எரிச்சலில்.
போட்டேன். மூன்று தரம்.
வோர்டெக்ஸில் வைத்து அலறவிட்டால் உதிர்கின்றன,
பேனையைத் தேடி எடுப்பதற்குள்
திரும்பக் கூடிக்கொள்கின்றன.

பிடித்தது கல்லடிப் பாலத்தடியில்,
முகத்துவாரம் வெட்டிய பிறகு,
வெள்ளம் வெளியே போய்
கடல் உள்ளே எட்டிப்பார்த்த கிழமை.
எல்லாக் கலத்தின் தோலிலும் ஒரே மறையேற்றம்;
ஒன்றையொன்று தள்ளத்தான் வேண்டும்.
கடல் கொண்டுவந்த கல்சியமாக இருக்கலாம்,
அதற்கு இரண்டு கை,
முகம் திருப்பி நிற்கும் இரண்டு பேரையும்
ஒரே நேரத்தில் பிடிக்கும்.
பிரிவு முடிந்தும் பிரியாத
மகட்கலங்களாக இருக்கலாம்.
பயமாகவும் இருக்கலாம்:
தனியே நீந்துவதை விழுங்கித் திரியும்
ஒற்றைக்கல வாய்கள் இந்த வாவியில் உண்டு;
கட்டி அந்த வாய்க்குள் அடங்காது.
பயம் என்று எழுதினால்
பேராசிரியை சிவப்பால் வெட்டுவார்.
பற்றீரியாவுக்குப் பயமில்லை. சரி.
கொப்பியில் "மேய்ச்சல் அழுத்தம்" என்று எழுதினேன்.

கூடுவது சும்மாவும் கிடைப்பதில்லை.
விளிம்பில் நிற்பது தின்னும், முதலில் சாகும்.
நடுவில் அகப்பட்டதற்கு ஒட்சிசன் இல்லை,
சாப்பாடு இல்லை, ஆனால் தப்பும்.
யார் எங்கே என்று
எவரும் எவரிடமும் கேட்டுக்கொண்டதாய்த் தெரியவில்லை.

கல்சியத்தைப் பிடுங்கிப் பார்த்தேன்.
கட்டி அசையவில்லை.

வியாழன் பின்னேரம்
கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த நொதியம்.
உயிருள்ளதை அது தொடாது.
செத்து வெடித்த கலங்கள்
வெளியே சிந்திவிட்ட டிஎன்ஏ நூலை மட்டும்
பொடிப்பொடியாய் நறுக்கும்.
ஐந்து மைக்றோலீற்றர் விட்டேன்.
நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

இருபது நிமிடத்தில் கட்டி அவிழ்ந்தது,
அரிசி கழுவிய தண்ணியாய்
குழாய் முழுக்கக் கலங்கியது.
பூச்சியம் தசம் ஏழு இரண்டு.

ஆக, இவ்வளவு நாளும்
கட்டி வைத்திருந்தது செத்தவை.

நானா கதிரையை இழுத்து இருந்தார்.
"ஓகஸ்ட்ல நான் ஏன் லீவு எடுக்கிற எண்டு
ஒரு நாள் கேட்டீங்க" என்றார்.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் வீட்டுக்கு அது புரட்டாதி.
நானும் சொல்லவில்லை.
ஆட்டுபொறி தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை மிச்சமிருந்தது.
அவிழ்ந்த குழாய்க்கும் அவிழாத குழாய்க்கும்
ஒரே அளவு அன்டிபயோட்டிக்.
தட்டில் பூசி, மூடி, பெயரெழுதி,
முப்பத்தேழு பாகையில் வைத்துவிட்டு
வந்தாறுமூலைச் சந்திக்கு நடந்தோம்.
இந்தமுறை பஸ் கிடைத்தது.

சனி காலை
தனித்தனியாய் நின்றவற்றின் தட்டு வெறுமை,
துடைத்த பீங்கான் போல.
கட்டியின் தட்டில்
நடுவில் பசி கிடந்தவை முளைத்திருந்தன.
எண்ணினேன். பதினேழு.
நானா வாங்கி வெளிச்சத்தில் பிடித்து
திரும்ப எண்ணினார்.
"பதினெட்டு.
இஞ்ச பாருங்க, ரெண்டு ஒட்டிக் கிடக்கு,
நீங்க ஒண்டா எண்ணிட்டீங்க."