ஆறு

செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு மேலே,
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
பெர்னிஸ் ஹைன்ஸ் திசு சீவுகிறாள்.
மூன்று மைக்ரான்.
வெங்காயச் சருகு இதற்கு முன் கம்பளி.
மெழுகுக் கட்டியில் பெயர் கிடையாது. 4417.

இன்று அந்த எண்ணே படியிறங்கி வந்துவிட்டது:
லியாண்டர் மெர்சர், முனைக் கலங்கரையில்
பனிச்சங்கு ஊதியவர்.
"என்னோடதை நானே ஒரு தடவை பாக்கணும்."
விதி இடம் தராது.
பெர்னிஸ் நாற்காலி தந்தாள்.

நீலமா இருக்கறது சும்மா உட்கரு.
பழுப்பு ஏறியிருக்கே,
அங்கெல்லாம் சேதி போய்ச் சேர்ந்திருக்கு.

பத்தொன்பது வருடப் புண் அது.
காவல் அணுக்கள் அனுப்பிய புரதம்
இன்டர்லியூகின் ஆறு.
அது வாசலில் தட்டும்,
உள்ளே ஸ்டாட்-மூன்று விழித்துக்கொண்டு
கருவுக்குள் போய் ஓதும்:
பெருகு. சாகாதே.
கிழிந்த இடம் மூட அதுவே மருந்து,
மூடிய பிறகு வாயை மூடினால்.

என் மொழியில் அந்த எண்ணைச் சொன்னால்
தணி என்றும் காதில் விழும்.
ஆறு, ஆறு என்று
சொல்லிச் சொல்லியே
ஆறவிடாமல் அடித்தது.

மெர்சர் கண்ணை எடுக்கவில்லை.
"ஒருத்தரும் நிறுத்தலையா?"

எண்பத்தேழு அக்டோபரில் அவர் சங்கும் இப்படித்தான்.
பனி விலகி நட்சத்திரம் வந்தும் ஊதியது.
முதல் ராத்திரி ஊரே திட்டியது.
மறுநாள் ஜன்னல்களில் போர்வை.
மூன்றாம் இரவு
கைக்குழந்தைகூடச் சிணுங்காமல் தூங்கியது.
நான்காம் இரவு நிஜமாகவே பனி.
சங்கு ஊதியது.
யாரும் எழவில்லை.

"படகு ஏதாவது?"
குவியத் திருகை அவர் தேவையில்லாமல் திருப்பினார்.
எல்லாம் மங்கி, மறுபடி தெளிந்தது.
"நூத்துக்கு எத்தனை பழுப்பு?"
"எழுபத்திரண்டு."
"சுவிட்ச் துருப்பிடிச்சிருந்தது. கடைசில
சுத்தியலால அடிச்சேன்.
வியாழக்கிழமை உங்க டாக்டரும்
அதையேதானே எடுக்கப்போறார்?"
சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
தொப்பியை மேசையிலேயே விட்டுப் போனார்.

அவர் போன பிறகு
அறையில் ஏதோ கூவுவது கேட்டது.
உறைபெட்டியின் எச்சரிக்கை மணி.
சிவப்பு விளக்கின்மேல் யாரோ
பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள்.
ஒட்டிய தேதி, மார்ச்.
கையெழுத்து அவளுடையது.