காதுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று

பதினாலாம் மாதச் சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
கழிவு போகக் கையில் இருபத்தாறாயிரத்து நானூறு.
மன்னார்குடிக் கடைக்காரர்
மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவதற்கு நாலு சேனல்.
எங்கே தொட்டாலும் விளக்கு எரிந்தது.
விலையைக் கேட்டதும் ஹபீப் வெளியே போய்
லோடு ஆட்டோ நிற்கிறதா என்று
பார்த்துவிட்டு வந்தான்.

இரண்டாவது மலிவு.
சக்கரம் சுழல்கிறது, பொத்தான் அமுங்குகிறது,
திருப்பிப் பார்த்தால் முதுகில்
ஒரே ஒரு யுஎஸ்பி ஓட்டை.
சவுண்டு கார்டு தனியா வாங்கிக்கணும் என்றார்.
சட்டி இங்கே, மூடி கும்பகோணத்தில்.

மூன்றாவது முறத்தளவு.
சவுண்டு கார்டு உள்ளேயே.
பின்னால் சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு துளை,
முன்னால் மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று.
"பின்னாடி போறது ஊருக்கு,
முன்னாடி வர்றது ஒனக்கு"
என்றபடி பில் போட்டார்.
அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

ஊருக்குக் கேட்காமல் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்,
அதற்கு ஒரு துளை இருக்கிறது,
விலையும் இருக்கிறது என்று
இருபத்தாறு வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ராத்திரி ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கி
லேப்டாப்பில் செருகினேன்.
டிரைவர் இல்லை என்றது திரை.
"நான் இருக்கேனே" என்றான் ஹபீப்.

டிரைவர் இறங்கியது.
தட்டினால் விரல் இங்கே,
சத்தம் எங்கேயோ பின்னால் நடந்து வந்தது.
மேட்டூரில் மதகைத் தூக்கிய சேதி கேட்டு
கடைமடை வாய்க்காலில் நுரை வரும்வரை
நாள் எண்ணுகிறவள் நான்.
எனக்கா இது புதுசு?
பஃபரை இறக்கினேன்.
ஆயிரத்து இருபத்துநாலு. ஐநூற்றுப் பன்னிரண்டு.
நூற்றிருபத்தெட்டில் பாட்டு
சட்டியில் கடுகாய்ப் பொரிந்தது.
ஒரு படி ஏறி
இருநூற்று ஐம்பத்தாறில் நின்றுகொண்டேன்.
அது வேகமும் இல்லை, தாமதமும் இல்லை,
முறை வைத்து விடுகிற தண்ணீர்.

தலைஞாயிறு தாண்டி,
ஐப்பசி முகூர்த்தம், வரவேற்பு.
ஜெனரேட்டரைப் போட்டு
ஆம்ப்ளிஃபயரில் கொடுத்ததுதான் தாமதம்,
பாக்ஸ் நாலும் ம்ம்ம்ம் என்றன.
பாட்டு இல்லை, வெறும் ம்ம்ம்ம்.
"பொம்பளப்புள்ள வாங்கியாந்த மிசினு"
என்றது பந்தியோரம் ஒரு குரல்.
வயரை மாற்றினேன், ம்ம்ம்.
சார்ஜரைப் பிடுங்கினேன், பாதி அடங்கியது.
பேட்டரியில் நாற்பது சதம்,
மாப்பிள்ளை இன்னும் மண்டபத்துக்கே வரவில்லை.

ஹபீப் கடப்பாரையோடு வரப்பில் இறங்கினான்.
சுத்தியல் தேடினான், வேண்டியிருக்கவில்லை.
வெண்ணெயில் கத்தியாய் இறங்கியது வண்டலில்,
முழங்கால் ஆழம், இன்னும் ஆழம்.
ஜெனரேட்டர் உடம்பிலிருந்து கம்பியை இழுத்து
அதன் கழுத்தில் சுற்றினான்.

சட்டென்று தவளைகள் கேட்டன.

பிறகு நான் ஒரு காதை மூடிக்கொண்டேன்.
திறந்த காதில் ஊர் கேட்கும் பாட்டு.
மூடிய காதில்
ஊருக்கு இன்னும் வராத பாட்டு.
மேடையில் மதிவதனி
மாலைக்குள் வியர்த்துக்கொண்டு
யார் யாருக்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.
இன்னும் எட்டு எண்ணினால்
அவள் கால் தானாகத் தட்டப்போகிறது.
அது அவளுக்குத் தெரியாது.
மாமியாருக்குத் தெரியாது.
பந்தியோரக் குரலுக்கும் தெரியாது.
ஏழுவரை எண்ணி
வேண்டுமென்றே இன்னொரு எட்டு வைத்திருந்தேன்.
அப்புறம்தான் ஃபேடரைத் தள்ளினேன்,
ஷட்டரைத் திருகும் லஸ்கர் மாதிரி,
கொஞ்சம் கொஞ்சமாக.

மணி பன்னிரண்டரை.
ஆயிரத்தைந்நூறு பாக்கி, நாளைக்கு என்றார்கள்.
பாக்ஸ் ஏற்றியாயிற்று, வயர் சுற்றியாயிற்று.
கடப்பாரை மட்டும் வரவில்லை.
இறங்கும்போது ஒரு பேச்சுப் பேசாத மண்
ஏறும்போது விடமாட்டேன் என்கிறது.
ஹபீப் இழுக்கிறான்.
ஹெட்போன் கழுத்தில் தொங்க
நானும் பிடித்து இழுக்கிறேன்.