காலி எடை

லாரி முதலில் சரக்கோடு ஏறும்.
இறக்கிவிட்டு வந்து வெறுமனே ஏறும்.
அதிலிருந்து இதைக் கழித்துச்
சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.
கிருஷ்ணகிரி பைபாசில் பதினோரு வருஷமாய்
இதுதான் என் வேலை.

ஒரு ராத்திரி, போன கரண்ட் வந்த கையோடு,
யாருமில்லாத மேடையில் நானே ஏறி நின்றேன்.
மூச்சு வாங்க உள்ளே வந்து திரையைப் பார்த்தால்
பூஜ்யம்.
தூங்கிக்கிடந்த கிளீனர் பையனை எழுப்பி
உட்காரவைத்து மறுபடி ஏறினேன்.
"நூத்திமுப்பதுக்கா" என்றான்.
அந்த மெஷின் பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்.
நூற்றிருபத்தாறோ முப்பத்துமூன்றோ,
சில்லறையை அது மன்னித்துவிட்டது.

பெங்களூர் டாக்டர் மன்னிக்கவில்லை.
காகிதத்தில் இரைப்பையை வரைந்தார்.
பெரிய மாங்காய் மாதிரி இருந்தது.
நீளவாக்கில் ஒரு கோடு போட்டு
முக்கால்வாசியை அடித்துவிட்டார்.
"திங்கட்கிழமையிலிருந்து தண்ணி ஆகாரம்தான்,
ரெண்டு வாரம். அப்புறம் ஆபரேஷன்."

இன்று ஞாயிறு.

டேம் மீனை நேற்றே முடித்துக்கொண்டேன்.
தொண்டையில் முள் குத்தியது.
அதற்கும் கோபம் இருக்கும்.

பழையபேட்டையில் சிராஜ் கடை.
கேட்காமலே கல்லில் நாலு விழும்.
சுவரோரம் எனக்கென்று ஒரு நாற்காலி,
கைப்பிடி இரண்டையும் அறுத்தெடுத்தது.
எப்போது அறுத்தான், எதற்கு அறுத்தான் என்று
அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.
கூட்டம் நெருக்கும் நாளில்கூட
அதில் வேறு யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.
இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.
சால்னாவை ஊற்றியபடி
"லேட்டாயிருச்சேக்கா" என்றான்.
சொல்லவில்லை.
நாலையும் பிய்த்துப் போட்டுவிட்டு
ஊறுகிற நேரம் முழுக்க
அந்த மரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.
பாதியாய் இளைத்து நான் வந்து நின்றால்
எதை இழுத்துப் போடுவான்?
எல்லோரையும்போல பெஞ்சைக் காட்டுவானோ.

மாம்பழத்திடம் சொல்ல வழியில்லை.
தை மாதம், தோப்பில் இப்போதுதான் பூ.
ஆட்டோவை நிறுத்தச் சொல்லி
கொஞ்ச நேரம் வாசனை பிடித்தேன்.
டிரைவர் மீட்டரைப் பார்த்தான்.
மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரிகள் வரிசைகட்டும்போது
எப்படியும் நான்தான் சீட்டு கிழிப்பேன்,
அப்போது பேசிக்கொள்ளலாம்.

வீட்டில் முனிரத்தினம் களி கிண்டி வைத்திருந்தார்.
துடுப்பு பிடித்தால் எனக்கு இளைக்கும் என்று
ஏழெட்டு வருஷமாய் அவர் கைதான்.
தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருவதை
விழித்திருந்து எண்ணுகிறவரும் அவர்தான்.
அவரைக்கொட்டைச் சாறு ஆவி பறந்தது.
கண்ணாடியை மாட்டி
ஆஸ்பத்திரித் தாளைப் படித்தார்:
"ஒவ்வொரு வாயும் முப்பது தடவை மெல்லவும்."

களியை எங்கே மெல்வது?
பல் பட்டால் அது களியா?
கிள்ளிச் சாற்றில் தோய்த்து நாக்கில் வைத்தால்
தானே வழுக்கிப் போய்
நெஞ்சுக்குக் கீழே சூடாக உட்காரும்.
அது உட்காருகிற இடத்தைத்தான்
எடுத்துவிடப்போகிறார்கள்.

அவர் ஒரு வாய் மென்று பார்த்தார்,
விரல்விட்டு எண்ணிக்கொண்டே.
ஒன்பதில் சிரிப்பு வந்துவிட்டது.
பிறகு வரவில்லை.
"பயமா இருக்கா?" என்று நான்தான் கேட்டேன்.
தன் உருண்டையைப் பிட்டு
என் தட்டில் வைத்தார்.

மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டு மூடும்போது சொன்னார்:
"காலையில மோர் ஊத்திக் கரைச்சா
இதுவும் தண்ணி ஆகாரம்தான?"
விளக்கைப் போட்டு
தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தோம்.
கரைத்த களியைப் பற்றி
அதில் ஒன்றும் எழுதவில்லை.