தாழ்நீர்க் கோடு

பிக்கெனேய் திட்டுக்கு
நாற்பது குதிரை எஞ்சினில் இரண்டு மணி நேரம்.
தெரெத்தியாவின் மடியில் மஞ்சள் பெட்டி,
பெட்டிக்குள் செயற்கைக்கோளோடு பேசும் கருவி,
கருவியின் மேல் ஒரு ரொட்டிப் பொட்டலம்.

அமாவாசைக்கு மறுநாள்.
பட்டியல்படி வற்றம் பதினொன்று பத்து.

கடற்சட்டம் கேட்பது சின்னக் கேள்விதான்:
நீர் முழுக்க இறங்கியபின்
உன் கரை எங்கே முடிகிறது?
அங்கிருந்து இருநூறு கடல்மைல்வரை
மீன் உன்னுடையது.
யாருக்கு விற்கிறாய், என்ன விலைக்கு,
அது உன் பாடு.

தூரதேசக் கப்பல்கள் நாள்கணக்கில் காசு கட்டி
சூரைமீனுக்கு வலை வளைக்கின்றன.
அந்தக் காசில்தான்
அவள் அக்கா வார்டில் வெள்ளைச் செருப்போடு நடக்கிறாள்,
பிரசவ அறைக்கு டீசல் வருகிறது,
பள்ளிக்கூடத் தொட்டிக்கு மூடி வந்தது
(குழாய் இன்னும் வரவில்லை).
கருவூலப் பேரேட்டில் எல்லாவற்றுக்கும்
ஒரே தலைப்பு: மீன்பிடி உரிமம்.

கருவி கூவியது.
யொத்தேபா எஞ்சினை அணைத்தான்.
"எங்கே?"
"இங்கேதான்."

ஆறு வருஷம் முன்பு மூன்று தென்னை,
ஒரு நண்டுக் கூட்டம்,
யாரோ விட்டுப்போன நீல வாளி.
இப்போது நுரை மட்டும் வட்டமாக.

துடுப்பை இறக்கிப் பார்த்தான்.
அவள் பார்க்கவில்லை, குதித்துவிட்டாள்.
இடுப்பளவு.
செத்த பவளம் பாதத்தைக் கீறியது.
இரண்டு கையாலும் கருவியைத் தலைக்கு மேல் பிடித்து
பத்து நிமிஷம் அசையாமல் நின்றாள்,
நாட்டின் வடமேற்கு மூலையாக.

நியூயார்க்கில் ஓர் அலமாரியில்
இந்த இடம் உலர்ந்து கிடக்கிறது:
பாகை, கலை, விகலை.
கடல் ஏறட்டும், கோடு ஏறாது என்று
தீவுகள் சேர்ந்து சொல்லியாயிற்று.
நீர்மேல் எழுத்தை நம்பாதே என்பார்கள்.
இவர்களுக்கு இருப்பதே அந்த எழுத்துதான்.

"கடலைத் தூக்கிவிட்டவனுக்கும்
நாள்கணக்கில் பில் போட முடியாதா?"
யொத்தேபா கேட்டது விளையாட்டாகத்தான்.
"அது வேறு மேசை. பேசிக்கொண்டிருக்கிறார்கள்."
"எத்தனை வருஷமாக?"
அவள் பதில் சொல்லாமல் படகின் விளிம்பைப் பிடித்து ஏறினாள்.
தொடையில் ரத்தம் நூலாக இறங்கியது.

படிவத்தில் கடைசிக் கட்டம், குறிப்புகள்.
பேனாவை உதறி எழுதினாள்:
நிலம், இல்லை.
புள்ளி, மாற்றமில்லை.
கையெழுத்துப் போடும்போது
நாட்டுக்காகப் பொய் சொல்கிறேனா என்று ஒரு கணம்.
எழுதியது இரண்டுமே உண்மை.
அதுதான் தொந்தரவு.

தொலைவில் ஒரு கப்பல், வெள்ளையாக,
எந்தக் கொடி என்று தெரியவில்லை.
அவன் கைபேசியில் படம் எடுத்து
நேரத்தைக் குறித்துக்கொண்டான்.
இன்றைய நாளுக்கும் அவர்கள் கட்டியாக வேண்டும்.

ரொட்டி நனைந்திருந்தது.
பாதி அவனுக்கு.
உப்பு சரியாகத்தான் இருந்தது.