பர்குவாவில் படகு முட்டும்போது

முப்பத்தோரு வருஷம் சக்காவ் நீரிணையில்
படகுக் கயிறு பிடித்தவன் எலெயுத்தேரியோ.
முகம் வெளுத்த பயணிகளுக்குக் காகிதப் பை நீட்டிவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பான்.
அவன் வயிறு ஒருநாளும் புரண்டதில்லை,
எங்கள் கல்யாணத்து ஆப்பிள் சாராயத்துக்குக்கூட.

இப்போது அடுப்பு மூட்டும் வாசம் போதும்.
என் தலைமுடி வாசம் போதும்.
"உபெர்லிண்டா, கொஞ்சம் தள்ளி நில்" என்பான்
வாளியை மடியில் கட்டிக்கொண்டு.

மூன்று வாரத்துக்கொரு செவ்வாய்
புவெர்த்தோ மோன்ட்டில் கீமோ ஊசி.
கொடுத்தனுப்பிய வெள்ளை மாத்திரை
நாக்கில் வைத்ததும் கரையும்.
காலை ஒன்று, ராத்திரி ஒன்று,
குமட்டினாலும் குமட்டாவிட்டாலும்.
குமட்டாதபோது எதற்கு வீணாக என்று
நான்தான் மிச்சம் பிடித்தேன்.
விதைக்கென்று உருளைக்கிழங்கை
ஒதுக்கியே பழகிய கை.

புதன் இரவு
அவன் குடல் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனது.
அப்புறம் வைத்த மாத்திரை
நுரையோடு வாளிக்குள் விழுந்தது.
பக்கத்து வீட்டு நவுவெல்கின் அம்மாள்
குளிர்சட்டைப் பையிலிருந்து ஒரு புட்டி எடுத்தாள்.
செத்துப்போன அவள் புருஷனின் வயிற்றுக்கு வாங்கிய சொட்டு மருந்து.
பேரில் பாதி அழிந்திருந்தது.
முப்பது சொட்டு.
கேட்கவில்லை. இன்னொரு முப்பது.
விடியட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று
மூன்றாவதும்.

வாந்தி நின்றது.
கால் நிற்கவில்லை.

உட்கார்ந்தான், எழுந்தான்.
அடுப்புக்கும் கதவுக்கும் இடையே
ஏழு அடி, திரும்ப ஏழு அடி.
"தோலுக்குள்ளே எவனோ ஓடுகிறான், பெண்ணே,
இறக்கிவிடு அவனை."
சாவு பயம் என்று நினைத்தேன்.
கடல் அவன் காலுக்குள் புகுந்துவிட்டது என்றும் நினைத்தேன்.
ஜெபமாலையை எடுத்தேன், வைத்தேன்,
தொலைபேசியை எடுத்தேன்.

நாலு மணிக்கு நர்ஸ் மக்லோவியா
தூக்கம் ஒட்டாத குரலில் கேட்டாள்:
நாங்கள் கொடுத்தது தவிர வேறு ஏதாவது?
இல்லை என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் யாருக்கோ இருமல், ஒரு வண்டி உருளும் சத்தம்.
அவள் போனை வைக்கவில்லை.

சொன்னேன். தொண்ணூறு சொட்டு என்று
எண்ணிச் சொன்னேன்.
ஐயோ என்பாள் என்று காத்திருந்தேன்.
"புட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள்.
இனி ஒரு சொட்டும் வேண்டாம்.
பைத்தியமில்லை அவருக்கு. மருந்துதான்."
அந்தக் கடைசி வாக்கியத்தை
நடந்துகொண்டிருந்தவனின் காதில் வைத்தேன்.
அழுதுகொண்டே நடந்தான்.

முதல் படகில் போனோம்.
ஊசி ஒன்று போட்டு உட்காரவைத்தார்கள்.
நெஞ்சில் ஒயர்களை ஒட்டி
இதயம் எழுதும் கோட்டை நெடுநேரம் பார்த்தார்கள்.
படபடப்புக்கென்று பத்து வருஷமாய் அவன் விழுங்குவதை
அதுவரை நாங்கள் வாய் திறந்து சொன்னதில்லை.
அது மாத்திரை என்றே தோன்றவில்லை எங்களுக்கு,
உப்பு மாதிரி அது.
டாக்டர் வெள்ளை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

புதியது ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால்.
எங்கள் கணக்கில் அது
பர்குவா கரையில் படகு முட்டும் நேரம்.
வாந்தி கிளம்பிய பிறகு துரத்தினால் பிடிபடாது என்றாள் மக்லோவியா.
விழுங்கியதும் கக்கினால் நீங்களாக இன்னொன்று போடாதீர்கள்,
கூப்பிடுங்கள், நாலு மணி என்றாலும்.
நாலு மணி என்றபோது லேசாகச் சிரித்தாள்.

அடுத்த செவ்வாய் கடல் முரட்டுத்தனமாய் இருந்தது.
அவனை அறியாத ஒரு புதுப் பையன்
மொட்டைத் தலையைப் பார்த்துக் காகிதப் பை நீட்டினான்.
எலெயுத்தேரியோ முறைத்தான்.
பிறகு வாங்கிக்கொண்டான்.

கரையில் முட்டிய அதிர்ச்சியோடு மாத்திரை.
அந்தப் பையின் மேல்
ஏழு நாற்பது என்று எழுதினேன்,
கீழே படபடப்பு மாத்திரையின் முழுப் பெயரும்,
எழுத்துப் பிழை இருக்கலாம்.
"சிரிக்காதே" என்றான்.
நான் சிரிக்கவில்லை.