போக, வர

எல் ஆல்டோவில், ஓடுபாதை வேலியை ஒட்டிய
எங்கள் மருத்துவ அறையில்
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்
இலாரியோன் சுக்கிமியா.
வெள்ளீயச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம்.
ஆள்காட்டி விரலில் கருவியை மாட்டினேன்;
கறையேறிய நகத்துக்குள் வெளிச்சம் நுழையவில்லை.
சுண்டுவிரல்தான் ஒப்புக்கொண்டது:
எழுபத்தொன்பது.

விமானக் கம்பெனியின் படிவம்
கடலோரத்தில் யாரோ எழுதியது.
ஐம்பது மீட்டர் நிற்காமல் நடப்பாரா?
நடைக்கூடத்தில் நடக்கவிட்டேன்.
பாதியில் நின்று
சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை
வெகு அக்கறையாகப் படித்தார்.
மூச்சு வாங்குவதை மறைக்கத் தெரிந்தவர்கள்
எல்லோரும் அங்கேதான் படிப்பார்கள்.
அவருக்கு எழுத்தே தெரியாது என்பது
கையெழுத்து வாங்கும்போதுதான் தெரிந்தது.

டாக்டர் நைரா எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
பாறைத்தூள். இரண்டு பக்கமும்
வாடகை கொடுக்காத குடித்தனம்.
"பறக்கலாம்" என்றார்.
"விமானத்துக்குள் அடைத்துவைக்கும் காற்று
நம் ஊர்க் காற்றைவிடக் கெட்டி.
மேலே போகப்போக நெஞ்சு லேசாகும்.
சாந்தா குரூஸில் இறங்கினால் இன்னும்."

"அப்போ வானத்தில் பயமில்லை,
தரையில்தானா எனக்கு ஆபத்து?"
சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டது.

"திரும்பி வர மட்டும்
நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து வைத்தார்.
போக, வர.
சேர்த்து எடுத்தால் மலிவென்று மகள் எடுத்தது.
வரும் தேதி, அக்டோபர் கடைசி.
மறுநாள் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள்.
மேசை விரிக்க வேண்டும், கிழங்கு அவிக்க வேண்டும்,
மனைவி மறுபடி மேலே ஏற
ரொட்டியில் ஏணி சுடச் சொல்ல வேண்டும்.

"பூட்டின கதவு முன்னால் வந்து நிற்பாளே, டாக்டர்.
சாந்தா குரூஸ் அவளுக்குத் தெரியாது.
பஸ்ஸில்கூட அந்தப் பக்கம் போனவள் இல்லை."

நைரா பேனாவைத் திறந்தார், மூடினார்.
நான் தட்டச்சு செய்தேன்:
பயணத்துக்குத் தகுதி உண்டு. பத்து நாள் செல்லும்.
புறப்பாடு, எல் ஆல்டோ.
திரும்புதல் என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

தொப்பியை முதல்முறையாகக் கழற்றினார்.
தாளை நாலாக மடித்து உள்ளே செருகி
மறுபடி அணிந்துகொண்டார்.
வெளியே மினிபஸ் பையன் "சேஹா, சேஹா" என்று கூவினான்.
வாசலிலிருந்து அறுபது அடி.
மூன்று முறை நின்றார்.
நின்ற மூன்று இடத்திலும்
படிப்பதற்கு ஒன்றும் இல்லை.